இறகில் ஒரு பூச்சி

மரக்காணம் என்றதும் யாவர்க்கும் நினைவில் எழுவது உப்புத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்வோர், பேருந்தின் சாளரத்தின் வழியே, வரிசை வரிசையாய் வகுக்கப்பட்ட பாத்திகளையும், வரப்பின்மேல் வெயிலில் மின்னும் வெண்குவியல்களையும் கண்டிருப்பர். உவர்மண்ணும், உவர்க்காற்றும், உவர்நீருமே உடைமையாகக் கொண்ட இவ்வூரில் இருந்துகொண்டு, நன்னீர் மீன்களைப் பற்றியும், அவற்றைப் பிடிப்பதற்கென இறகாலும் நூலாலும் பூச்சி செய்யும் கலையைப் பற்றியும் நாம் எழுதப் புகுவது வாசகர்களுக்குச் சற்று வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இவ்வூரின் ஓராண்டு வாழ்வை அறிந்தவர்க்கு அதில் வியப்பொன்றும் இராது.

உப்பளம் வெயிலின் பிள்ளை. தை, மாசியில் பாத்திகளைச் செப்பனிட்டு, உவர்நீரைப் பாய்ச்சி, கதிரவன் அந்நீரை வற்றச் செய்யக் காத்திருந்து, படிந்த உப்பை வாரிக் குவிக்கும் வேலை, கோடை முழுதும் நடந்து புரட்டாசியோடு ஓயும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியும் வரப்பும் ஒன்றாகிப் பரந்த நீர்வெளியாகிவிடும். அளத்தில் உழைப்போர்க்கு அது வருவாயற்ற காலம். அளத்துக் கணக்கு எழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்றோர்க்கோ பேரேட்டை மூடிவைக்கும் காலம். அதே மழைதான் சுற்றுவட்டார ஏரிகளையும் தாங்கல்களையும் நிரப்புகிறது. உப்பு ஓயும் நாளில் நன்னீர் பிறக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட பொழுதுபோக்கும் அந்த நன்னீரோடு வந்ததேயாகும்.

அது யாதெனில், பொய்ப்பூச்சி கட்டுதல். நம் நாட்டில் தூண்டில் போடுகிறவர் மண்புழுவையோ, பிசைந்த மாவையோ, சிறு தவளையையோ முள்ளில் கோப்பர். மீன் உண்ணக்கூடிய மெய்யான இரை அது. பொய்ப்பூச்சியில் உண்ணத்தக்கது ஒன்றுமேயில்லை. முள்ளின் தண்டில் நூலைச் சுற்றி, கம்பளி இழையால் உடல் அமைத்து, சேவலின் கழுத்திறகைச் சுழற்றிக் கால்களாக்கி, நீரில் விழுந்த பூச்சியொன்றைப் போலத் தோன்றச் செய்வதே அக்கலை. மணத்தாலும் சுவையாலும் அன்றி, தோற்றத்தாலும் அசைவாலும் மட்டுமே மீனை இணங்கச் செய்ய வேண்டும். ஆகவே அதனைக் கட்டுகிறவன் முதலில் மெய்யான பூச்சியை அறிந்தவனாக இருத்தல் வேண்டும்.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. 200-ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய ஆசிரியர், விலங்குகளைப் பற்றித் தாம் கிரேக்க மொழியில் இயற்றிய நூலில், மாசிடோனியா நாட்டின் ஆறொன்றில் மீன் பிடிப்போரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவ்வாற்றின் மேல் பறக்கும் ஒருவகைப் பூச்சியை மீன்கள் விரும்பி உண்ணும். ஆனால் மனிதன் கை பட்டதும் அப்பூச்சி தன் நிறத்தை இழந்துவிடும். பிறகு மீன் அதனைத் தீண்டாது. எனவே மீனவர், முள்ளில் செந்நிறக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடையடியில் வளரும் மெழுகுநிற இறகுகள் இரண்டைப் பொருத்தி, அதனை நீரில் இட்டனராம். மெய்யைத் தொட்டால் அது கெட்டுவிடுகிறது. ஆதலின் அதன் சாயலைச் செய்துகொள்கின்றனர். ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்குப் பின்னும் கலையின் அடிப்படை மாறவில்லை. இன்றும் முள், இழை, சேவலிறகு ஆகிய மூன்றுமே அதற்கு முதல்.

நம் மாநிலத்திற்கும் இது புதிதன்று. ஆங்கிலேயர் நீலகிரியில் குடியேறியபோது, தம் நாட்டு ஓடைகளில் வாழும் டிரவுட் மீனை இங்கும் வளர்க்க விரும்பினர். இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிய மருத்துவர் பிரான்சிஸ் டே 1863-இல் அதற்கு முயன்றார், முயற்சி கைகூடவில்லை. 1879-இல் நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இறுதியில், எச். சி. வில்சன் என்பாரின் உழைப்பால் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைந்து, டிரவுட் அம்மலையில் நிலைபெற்றது. இறகுப்பூச்சி கட்டும் வழக்கமும் அம்மீனோடு மலையேறியது. ஆயினும் டிரவுட் குளிர்நீர் மீன். சமவெளியின் வெதுவெதுப்பான ஏரியில் அது வாழாது.

சமவெளி நீர்நிலைகளின்மேலும் ஆங்கிலேயரின் கண் படாமல் இல்லை. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த எச். எஸ். தாமஸ், 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலை வெளியிட்டார். 1887-இல் ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி மட்டுமே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என மற்றொரு நூலையும் எழுதினார். ஏரி என்பது தமிழகத்தின் உயிர்நாடி. அந்த ஏரியின் மீனுக்கெனத் தனிநூல் எழுத அயல்நாட்டார் ஒருவருக்குத் தோன்றியதை எண்ணும்போது, நம் காலடியில் கிடக்கும் செல்வத்தை நாம் எவ்வளவு அலட்சியமாய்க் கடந்து செல்கிறோம் என்னும் நாணம் எழத்தான் செய்கிறது.

அயல்நாட்டு முறையில் பூச்சித் தூண்டில் வீசுவதற்குத் தனிவகைக் கோலும், தனிவகைக் கயிறும் வேண்டும். ஏனெனில் இறகுப்பூச்சிக்கு எடையே இல்லை. ஈயம் கட்டிய தூண்டிலை எறிவது போல் அதனை எறிய இயலாது. கயிற்றுக்கே கனம் இருக்க வேண்டும். அக்கயிற்றை முன்னும் பின்னும் வீசி, அதன் விசையில் பூச்சியைச் சுமந்து செல்லச் செய்ய வேண்டும். இதற்குப் பொருட்செலவு மிகுதி. மேலும், நம் ஏரிக்கரைகளில் முதுகுக்குப் பின்னே சீமைக்கருவேல் முட்புதர்கள் காத்து நிற்கின்றன. பின்னே வீசும் கயிற்றை அவை விடுவதில்லை.

இதற்கு வழி ஜப்பானியரிடம் கிடைத்தது. அந்நாட்டு மலையோடைகளில் 'டென்காரா' என்னும் முறை தொன்றுதொட்டு வழங்கி வருகிறது. அதில் உருளையும் இல்லை, நீண்ட கயிறும் இல்லை. நெடிய கோலின் நுனியில் அளவான கயிறு, அதன் முடிவில் ஓர் இறகுப்பூச்சி, அவ்வளவே. அது செல்வர்களின் கேளிக்கையாகத் தோன்றியதன்று. மலைவாழ் மக்கள் தம் உணவுக்காகவும், விடுதிகளுக்கு விற்றுப் பிழைப்பதற்காகவும் கைக்கொண்ட தொழில். நம்மூர்ச் சிறுவர்களின் மூங்கில் தூண்டிலுக்கும் அதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே. ஆகவே நாமும் பதினொரு அடி மூங்கிற்கழியொன்றை நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, தங்கூசியை மூன்றிழையாகவும், பின் இரண்டிழையாகவும், நுனியில் ஓரிழையாகவும் முறுக்கிக் கட்டிக்கொண்டோம். அடியில் தடித்து நுனியில் மெலிந்த கயிறு, மணிக்கட்டின் சிறு அசைவுக்கே பூச்சியை நீர்மேல் மெதுவாக இறக்கி வைக்கிறது.

இனி, பூச்சிக்கு வருவோம். எந்தப் பூச்சியைக் கட்டுவது? இவ்வினாவுக்கு விடை நூலில் இல்லை, ஏரியில்தான் இருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பின் கரையில் அமர்ந்து நீரை நோக்கியிருப்பது நம் வழக்கமாயிற்று. முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில், புற்றுகளிலிருந்து ஈசல் புகைபோல் எழும். அவற்றிற் பல காற்றில் தள்ளுண்டு நீரில் விழும். விழுந்த மறுகணமே அங்கே ஒரு வளையம் தோன்றும். பிறகு பத்து, பிறகு நூறு. அதுவரை அங்கே மீன் உண்டென்பதற்கு அடையாளமே இல்லாதிருந்த நீர், மழைத்துளி விழுவது போல் வளையங்களால் நிறைந்துவிடும். கெண்டைகளுக்கு அது விருந்து நாள். நாட்டுப்புறத்தில் மனிதரும் ஈசலை வறுத்துண்பது யாவரும் அறிந்ததன்றோ!

ஆகவே நாம் கட்டிய முதற் பூச்சி ஈசலே. 12-ஆம் எண் முள் அதற்குப் பொருத்தமானது. தூண்டில் முள்ளில் எண் கூடக் கூட முள் சிறுக்கும் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். முள்ளைச் சிறு பிடிக்குறட்டில் இறுக்கி, தையற்காரரின் பழுப்புநிற நூலைத் தண்டில் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். அதன்மேல் அதே நிறக் கம்பளி இழையை மெல்லியதாகச் சுற்றினால் உடல் அமையும். பால் வரும் நெகிழிப் பையின் நிறமற்ற பகுதியை உடலைவிட நீளமாக வெட்டி, முதுகின்மேல் படுக்கவைத்துக் கட்டினால் அதுவே சிறகு. பிறகு சேவலின் கழுத்திறகொன்றை அடியால் பிணைத்து, நுனியைப் பற்றித் தண்டைச் சுற்றி மூன்று முறை சுழற்ற, இழைகள் நாற்புறமும் விரிந்து நிற்கும். நீரின் மேற்பரப்பு மெல்லிய தோல் போன்றது. விரிந்த அவ்விழைகளின் நுனிகள் அதனைக் கிழிக்காமல் ஊன்றி நிற்பதால் பூச்சி மிதக்கிறது. கடைசியில் தலைப்பகுதியில் நூலை முடிந்து, நகப்பூச்சில் ஒரு துளி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

நாம் இதனைக் கட்டிக்கொண்டிருந்த மாலையொன்றில், அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நம் மகள், விளக்கடியில் விழுந்து கிடந்த ஈசலொன்றைத் தாளின்மேல் எடுத்துவைத்து, "அத்தா, இதுக்கு நாலு ரெக்கையும் ஒரே அளவா இருக்கே! எறும்புக்கு ரெக்கை மொளைச்சா அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டாள். பொருள் பொதிந்த வினா அது. ஈசலின் நான்கு சிறகுகளும் ஒத்த நீளமுடையவை. சிறகு முளைத்த எறும்புக்கோ முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. ஈசல் எறும்பினத்தைச் சேர்ந்ததன்று என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம். எட்டு வயதுச் சிறுமி அதைத் தன் கண்ணாலேயே கண்டுகொண்டாள். பாடநூல் ஒரு பக்கத்தில் சொல்லி நகர்ந்துவிடுவதை, ஒரு பூச்சியைச் செய்ய முனைந்த குடும்பம் ஒரு மாலை முழுதும் பேசிக்கொண்டிருந்தது.

அதன்பின் நம் இல்லத்தில் வீண்பொருள் என்று ஒன்று இல்லாமற் போயிற்று. அறுத்த சேவலின் கழுத்திறகுகள் கழுவி உலர்த்தப்பட்டு, நாப்தலின் உருண்டையோடு டப்பாவில் சேர்ந்தன. நைந்துபோன சேலையின் சரிகையிழை, பூச்சியின் உடலில் வரிவரியாய்ச் சுற்றுவதற்கு ஆயிற்று. மேல்நாட்டார் கடையில் விலைகொடுத்து வாங்கும் மின்னிழையும் இத்தகையதே. எரிந்துபோன விசிறி மோட்டாரின் செப்புக் கம்பி, நீரில் அமிழ வேண்டிய பூச்சிக்கு எடையாயிற்று. குர்பானி ஆட்டின் வால்மயிர், சிறுமீன் வடிவம் கட்ட உதவிற்று. தேய்ந்த ரப்பர்ச் செருப்பைத் துண்டாக்கி, விராலுக்குரிய மிதவைத் தவளை செய்யலாயிற்று. வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சூழ்ந்திருக்கும் மென்தூவி, இயல்பாகவே நீர் ஒட்டாதது. அதனால் நன்கு மிதக்கும். ஐரோப்பியர் அதனைப் பொன்போல் மதிப்பர். வயல்களில் வாத்து மேய்ப்போர் நிறைந்த நம் மாவட்டத்தில் அதற்குக் குறைவேயில்லை.

கோழிக்கடை வாயிலில் நாம் இறகு தெரிந்தெடுப்பதைக் கண்ட முதிய உப்பளத் தொழிலாளர் ஒருவர், "ஏன் பாய், மண்புழு கெடைக்கலியா? கோழி எறக வெச்சு மீனை ஏமாத்துறீங்களே!" என்று நகைத்தார். "மண்புழு கெடைக்குது பெரியவரே. மீனுக்கு என்ன புடிக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் இது" என்றோம். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, "அதுக்கு என்னைக் கேட்டா நானே சொல்லுவேனே" என்றார். அது வெறும் பேச்சன்று. அன்றிலிருந்து ஏரியைப் பற்றி நாம் அறிந்தவற்றிற் பாதி அவர் வாயிலாக அறிந்தவையே. விரால் மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வரும் இடம், செந்நிறக் குஞ்சுகளின் கூட்டத்தைத் தாய்விரால் காத்துத் திரியும் காலம், அக்காலத்தில் அதனைப் பிடித்தல் ஆகாது என்னும் முறைமை — இவையனைத்தும் எழுத்தறியாத அம்முதியவரின் நூலகத்திலிருந்து நமக்குக் கிடைத்தவை.

இக்கலையின் அழகைக் கூறினோம். அதன் நிழலையும் கூறாது விடுதல் முறையன்று.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர், சால்மன் மீனுக்கெனக் கட்டிய பூச்சிகள் எந்தப் பூச்சியையும் போன்றவையல்ல. அவை அணிகலன்கள் போன்றவை. வெப்பநாடுகளின் அரிய பறவைகளின் இறகுகள் அவற்றிற்குத் தேவைப்பட்டன. அவ்வகையில் பெரிதும் நாடப்பட்ட ஒன்று, நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகு. அச்சேவலின் ஒவ்வொரு கழுத்திறகின் நுனியிலும், மெழுகு சொட்டினாற்போல் வெண்மையும் பொன்மையுமான புள்ளியொன்று உண்டு. பூச்சியின் பக்கவாட்டில் அதனை வைத்தால் கண்போல் விளங்கும். அந்தக் கண்ணுக்காகத் தென்னிந்தியக் காடுகளில் எத்தனை சேவல்கள் கண்மூடின! 1902-இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. இன்று அப்பறவையை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது.

ஆசை அத்தோடு அடங்கியதா? 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சாளரத்தை உடைத்து இளைஞர் ஒருவர் உள்ளே புகுந்தார். அவர் திருடிச் சென்றது பொன்னையன்று. 299 பறவைகளின் பதப்படுத்திய உடல்களை. அவற்றுட் சில, அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அரும்பாடுபட்டுத் திரட்டியவை. திருடியவர் இலண்டனில் புல்லாங்குழல் பயின்ற மாணவர்; பூச்சி கட்டுவதில் பெருந்திறன் பெற்றவர். இறகுகள் பூச்சி கட்டும் ஆர்வலர்க்கு விற்கப்பட்டன. எந்தப் பறவை எங்கே, எந்நாளில் பிடிக்கப்பட்டது என்னும் குறிப்புச் சீட்டுகள் பலவற்றினின்று அகற்றப்பட்டதால், அறிவியலுக்கு அவற்றின் பயன் அழிந்தது. அழகைச் செய்யப் பழகிய கை, அழகின் ஊற்றையே அழிக்கத் துணிந்த கதை இது. இதில் நமக்கொரு பாடமுண்டு. மீனை இணங்கச் செய்யக் கட்டிய பூச்சி, மனிதனை மயக்கக் கட்டிய பூச்சியாக மாறும்போதே கலை வழிதவறுகிறது. கெண்டைக்குக் காட்டுக்கோழியின் இறகும் ஒன்றுதான்; கறிக்கோழியின் இறகும் ஒன்றுதான்.

மார்க்கம் இவ்விடத்தில் நமக்குத் தெளிவான எல்லையை வகுத்துத் தந்திருக்கிறது. கடலிலும் நீரிலும் உள்ள மீன் நமக்கு ஹலாலான உணவு. ஆனால் உயிருள்ளவற்றை வெறும் விளையாட்டுக்கு இலக்காக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகவே பூச்சி கட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாம். மீனின் துடிப்பைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாகாது என்பது நம் துணிபு. மேல்நாட்டாரிற் பலர் மீனைப் பிடித்து, அளந்து, படமெடுத்து, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். மீனினம் குறையாதிருக்க அது துணைபுரிகிறது என்பர். அதில் உண்மையும் உண்டு. எனினும், உண்ணும் நோக்கமின்றி நாள்முழுதும் பிடித்துப் பிடித்து விடுவது நம் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை. வீட்டின் ஒருவேளைக் குழம்புக்குப் போதுமான மீன் கிடைத்ததும் கோலைச் சுருட்டிவிடுகிறோம். தப்பித் தவறி மாட்டும் சிறுமீன் காயமின்றி மீள வேண்டுமென்பதற்காக, முள்முனைக்குப் பின்னே இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டே பூச்சியைக் கட்டுகிறோம். அதனால் பிடிபட்ட மீன் சில வேளை நழுவிப் போகும். போகட்டும், அது அதன் பங்கு.

மனிதரைச் சார்ந்த எல்லையும் உண்டு. ஏரி பொதுவெனினும், அதன் மீன்பாசி குத்தகைக்கு விடப்படுவது. குத்தகை எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்த்த மீனை, அவர் இசைவின்றி ஒருவன் இறகு காட்டிப் பிடித்தாலும் அது பிறர்பொருளே. கேட்டுப் பெற்ற இசைவோடு கரையின் ஒரு மூலையில் அமர்வதே நம் வழக்கம். அதுபோல, மழைக்காலத்தில் அளத்து வேலையின்றி இருப்போர் அன்றைய குழம்புக்காகத் தூண்டிலோடு வரும் இடத்தில், நாம் வேறிடம் தேடிக்கொள்கிறோம். ஒருவர்க்குப் பொழுதுபோக்காக இருப்பது மற்றொருவர்க்குப் பிழைப்பு. ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில், மேல்நாட்டாரின் பொழுதுபோக்குக்கென இப்பூச்சிகளைக் கட்டிக் கொடுத்தே வாழும் குடும்பங்கள் உள. அவர்களிற் பலர் அப்பூச்சியை நீரில் இட்டுப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

பறவைகளைச் சார்ந்த எல்லையொன்றும் இவ்வூரார்க்குச் சிறப்பாக உண்டு. மரக்காணத்தை அடுத்துப் பரந்துகிடக்கும் கழுவெளி, மழைநீரும் கடல்நீரும் கலக்கும் பெரும் நீர்ப்பரப்பு. இடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே அது வங்கக்கடலோடு உறவாடுகிறது. அதன் 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. தொலைதூர நாடுகளிலிருந்து குளிர்காலம் கழிக்க வரும் பறவைகளுக்கு அது புகலிடம். அவ்விடம் நம் தூண்டிலுக்கு உரியதன்று. சிற்றேரிகளின் கரையிலும், அறுந்த தங்கூசித் துண்டொன்றைக்கூட விட்டுவரலாகாது. மக்காத அந்நூல் நாரையின் காலிலோ கொக்கின் அலகிலோ சிக்கினால் விடுபடுவதற்கு அதற்குக் கைகள் இல்லை. எனவே கிழிந்த தங்கூசி சட்டைப் பையில் வீடு திரும்புகிறது. நம்முடையதோடு பிறர் விட்டுச் சென்றவையும் சேர்ந்தே திரும்புகின்றன.

இவ்வளவு எல்லைகளுக்கு உட்பட்டு ஒரு பொழுதுபோக்கு தேவைதானா என்று சிலர் வினவலாம். எல்லைகளை வெளியிலிருந்து யாரும் நம்மேல் சுமத்தவில்லை. பூச்சியைக் கட்டுவதற்காகப் பூச்சியைப் பார்க்கத் தொடங்கினோம்; பூச்சியைப் பார்த்ததால் அதை உண்ணும் மீனைப் பார்த்தோம்; மீனைப் பார்த்ததால் அதை நம்பியிருக்கும் பறவையையும் மனிதரையும் பார்த்தோம். பார்த்தபின் எல்லை தானாகவே விளங்கிற்று. ஒன்றை உள்ளவாறு பார்ப்பவன் அதனை விருப்பம்போல் கையாள மாட்டான். பொய்யான பூச்சியொன்றைக் கட்டுவதால் நாம் அடைந்த மெய்யான ஊதியம் இதுவே.

நம் இளைஞர்கள் கைபேசியின் ஒளித்திரையில் மாலைகளைத் தொலைக்கின்றனர் என்று பெற்றோர் வருந்துகின்றனர். வருந்துவதோடு நில்லாது, அவர்தம் கைகளுக்கும் கண்களுக்கும் சேர்ந்து வேலை தரும் ஒன்றை முன்வைத்தல் நலம். அது பூச்சி கட்டுவதாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அதுவாக இருப்பின், செலவு சிறிது: ஒரு பிடிக்குறடு, ஒரு கத்தரி, சில முட்கள், சமையற்கட்டில் எறியப்படவிருந்த இறகு. உடன் தேவைப்படுவது பொறுமையொன்றே. சுழற்றும் விரல் நடுங்கினால் இறகு ஒடியும். நூல் இறுகினால் அறும், தளர்ந்தால் அவிழும். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இக்கட்டுரை எழுதும்போது ஆவணி நடக்கிறது. அளத்தில் உப்பு வாரும் ஓசை கேட்கிறது. ஏரிகளில் நீர் குறைந்து, வெடித்த சேற்றில் ஆடு மேய்கிறது. பிடிக்குறட்டில் பாதி கட்டிய ஈசலொன்று இருக்கிறது. நம் மகள் அதற்கு நான்கு சிறகுகளையும் ஒரே அளவாக வெட்டி வைத்திருக்கிறாள். மழை வர இன்னும் இரண்டு திங்கள் இருக்கின்றன.